வார்டு மெம்பருக்குக் கட்சி சீட் தேவையில்லை

"கட்சி சீட்டும் பணமும் இல்லாம வார்டு மெம்பர் ஆக முடியாது, ஜெயிச்சாலும் கையெழுத்துப் போடுறதைத் தவிர வேலை கிடையாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியைப் பொறுத்தவரை இது தவறு.

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரண்டுக்கும் தேர்தல் கட்சி சார்பற்றது. கட்சிச் சின்னம் வருவது ஒன்றிய வார்டிலும் மாவட்ட வார்டிலும்தான். 21 வயது நிறைந்து, அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மனு போடலாம். வார்டு இடஒதுக்கீட்டை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100. சிலர் தண்ணியாகச் செலவு செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது விதி இல்லை.

அடுத்து, அந்தக் "கையெழுத்து" விஷயம். பதவியேற்றதும் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு அவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆகவே அந்த முதல் ஓட்டே ஊர்ப்பணத்துக்குக் காவல் போடுகிற ஓட்டு. அதை யாருக்கோ ஏனோதானோவென்று போட்டுவிட்டு அப்புறம் புலம்பக் கூடாது.

புதிதாக வருகிறவர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் கைக்கு வரும்போது பக்கம் வெறுமையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் எழுதிக்கலாம் மெம்பர்" என்பார்கள். எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்து, தொகையைச் சரிபார்த்த பிறகு போடுங்கள். எந்தத் தெருவுக்குக் குழாய், எந்தத் தெருவுக்கு விளக்கு என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் முடிவாகிறது.