பக்கத்தில் நடப்பவர்கள்

மாற்றுத்திறன் குழந்தைகளின் குதிரைச் சவாரிக்கு இளைஞர்கள் உதவுவதைப் பாராட்டிய கட்டுரை, பக்கத்தில் நடப்பவர்களைச் சொல்லாமல் விட்டுவிட்டது. புதிதாகப் பழகும் குழந்தைக்குப் பெரும்பாலும் மூன்று பேர் வேண்டும்: கயிறு பிடிக்க ஒருவர், இருபுறமும் தாங்கி நடக்க இருவர். பதினாறு வயதில் நான் அப்படி நடந்தவள். முதல் மாதம் முழுக்கச் சாணம் அள்ளினேன், குளம்பில் சிக்கிய கல் எடுத்தேன். நேர் பின்னால் நிற்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியமாட்டார், குரல் கொடுத்தபடி தோள்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும் என்பது அப்போதுதான் பழக்கமானது. அப்புறம், நிமிர்ந்து உட்காரவே சிரமப்படும் ஒரு சிறுவன். குதிரை நடக்கும்போது, நாம் நடக்கும்போது அசைவது போலவே சவாரி செய்பவரின் இடுப்பும் அசையும். அந்த அசைவில் அவன் முதுகு மெல்ல நேரானதை என் கை உணர்ந்தது. இதற்குக் கை பழக மாதங்கள் ஆகும். சான்றிதழுக்காக இரண்டு வாரம் மட்டும் வருகிறவர்களை தயவுசெய்து லாய வேலையோடு நிறுத்துங்கள்.