260 கிலோமீட்டர் வேக ரயிலும் நகராத முன்பதிவும்

"முழு அகல எழுத்தில் உள்ளிடவும்" என்று ஓர் இணையதளம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. பெயர்க் கட்டத்துக்குக் கீழே, சிவப்பு நிறத்தில், ஆச்சரியக்குறி போட்ட முக்கோணத்தோடு சொன்னது. நான் அதனிடம் கடன் கேட்கவில்லை, குடியுரிமை கேட்கவில்லை. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்குப் போகும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் மூன்று இருக்கைகள் கொடு, அதற்கான பணத்தை இந்தா எடுத்துக்கொள் என்றுதான் கெஞ்சினேன். வாங்குகிறவன் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்க, விற்கிறவன் அவனுடைய பெயரின் அகலத்தை அளந்துகொண்டிருக்கும் வியாபாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வெளிநாட்டு ரயிலுக்கு வீட்டிலிருந்தே முன்பதிவு செய்து பார்த்தவர்கள் இத்தனை படித்ததுமே பெருமூச்சு விட்டிருப்பார்கள். செய்யாதவர்கள் போன பிறவியில் புண்ணியம் செய்தவர்கள்.

திட்டமிடும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. டோக்கியோ, அங்கிருந்து கனசாவா, பிறகு கியோட்டோ, மறுபடி டோக்கியோ என்று வரைபடத்தில் நான் போட்டது எளிமையான ஒரு வட்டம். ஆனால் 1987இல் ஜப்பானின் தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரித்துவிட்டதால், அந்த வட்டம் அவர்கள் கணக்கில் மூன்று ராஜ்ஜியங்களின் வழியாகப் போகிறது. டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு ஒரே ரயில், ஒரே தண்டவாளம். ஆனாலும் ஜோயெட்சு-மியோகோ என்ற நிலையத்தோடு ஒரு நிறுவனத்தின் எல்லை முடிந்து அடுத்த நிறுவனத்தின் எல்லை தொடங்குகிறது. வேக வண்டியான ககயாகி பெரும்பாலும் அங்கே நிற்பதுகூட இல்லை. ரயில் எல்லையைக் கவனிக்காமல் பறந்துவிடுகிறது, டிக்கெட் எடுக்கிறவன்தான் சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி இறங்கி நிற்க வேண்டும். கியோட்டோவிலிருந்து டோக்கியோ திரும்பும் வழியோ மூன்றாவது நிறுவனத்தின் ஆளுகை. அதற்கு வேறு செயலி, வேறு கணக்கு, வேறு கடவுச்சொல்.

நடுவில் உள்ள கனசாவா–கியோட்டோ பகுதி தனிப் புராணம். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தண்டர்பேர்ட் என்ற ரயில் நேராக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மார்ச் 16ஆம் தேதி ஷின்கான்சென் பாதையைக் கனசாவாவிலிருந்து, நடுவழியில் உள்ள சுருகா என்ற ஊர் வரை நீட்டினார்கள். தண்டர்பேர்டைச் சுருகாவோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே, முன்பு ஏறி உட்கார்ந்து போய்ச் சேர்ந்த பயணிகள் இப்போது, வளர்ச்சியின் பயனாக, நடுவழியில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் இன்றைக்கும் "நேர் ரயில் உண்டு, கவலை வேண்டாம்" என்று அபயம் அளித்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு, ரயிலில் ஏறுவதற்கு ஒரு சீட்டு, அது வேகமாகப் போவதற்கு இன்னொரு சீட்டு என்று கட்டணத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஓடும் ஷின்கான்சென் ஒன்று எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், அந்த இரண்டாவது சீட்டை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஒரு பாஸ் எடுத்துவிட வேண்டியதுதானே" என்று கேட்கும் அன்பர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் நீங்கள் போய் வந்திருக்கிறீர்கள். 2023 அக்டோபரில் அது ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. நான் போட்ட வட்டம் முழுவதற்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கினாலும் 40,000 யென்னைத் தொடாது. அந்த 50,000 யென்னைக் கொடுத்த பிறகும், அந்தப் பாதையின் அதிவேக வண்டியான நொசோமியில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போக வேண்டுமானால் மேற்கொண்டு 4,960 யென் வைக்க வேண்டும். பாஸ் ஆலோசனை சொல்லும் புண்ணியவான்கள் ஒருவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது தேதிக்கு வருகிறேன். ஷின்கான்சென் இருக்கைகளை வழக்கமாகப் பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். முந்தைய மாதத்தில் அந்தத் தேதியே இல்லாவிட்டால் பயண மாதத்தின் முதல் தேதியில் திறப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி 28 நாள்களோடு முடிந்துவிடும் ஆண்டில் மார்ச் 29, 30, 31 ஆகிய மூன்று நாள்களுக்கான சீட்டுகளும் மார்ச் 1ஆம் தேதிக்குத் தள்ளப்படுகின்றன. ஏப்ரல் 1ஆம் தேதிக்கான சீட்டுகளுக்கும் அதுவே முறையான நாள். டோக்கியோவில் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் பருவமும் ஏறக்குறைய அதே வாரம்தான். ஊரே பூப் பார்க்கக் கிளம்பும் நான்கு நாள்களின் இருக்கைகள் அத்தனையும் ஒரே காலையில், ஒரே நொடியில் சந்தைக்கு வருகின்றன. ககயாகியில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "விட்டுத் தள்ளுங்க, அங்க போய் ஸ்டேஷன்லயே எடுத்துக்கலாம்" என்று என் மனைவி இரண்டாம் முறை சொன்னபோது நான் பதில் பேசாமல் இருந்ததற்கு இதுதான் காரணம், கோபம் இல்லை.

ஆங்கிலப் பக்கத்தில் எனக்கு முன்பே ஒரு கணக்கு இருந்தது. முன்கூட்டியே வாங்குவோருக்கான தள்ளுபடி அந்தப் பக்கத்தில் தலைகாட்டவில்லை, ஜப்பானிய மொழிப் பக்கத்தில் மட்டும் இருந்தது. அதனால் உலாவியின் மொழிபெயர்ப்பை நம்பி அங்கே நுழைந்தேன். சரியாகப் பத்து மணிக்கு ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். இருக்கைப் படம் விரிந்தது: நடைபாதைக்கு ஒரு பக்கம் ஏ, பி, சி, மறுபக்கம் டி, ஈ. அம்மாவுக்கு ஜன்னலோரம் ஈ, பக்கத்தில் மனைவிக்கு டி, கைநீட்டினால் தொடும் தூரத்தில் எனக்கு சி. மூன்றும் பச்சையாக இருந்தன. மூன்றையும் அழுத்தினேன். எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டதாகச் சொல்லி, ஒரு கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், ஆங்கிலப் பக்கத்துக் கணக்கு இந்தப் பக்கத்தில் செல்லாது என்றும், புதிதாக உறுப்பினர் ஆக வேண்டும் என்றும் தெரிவித்தார்கள்.

ஆகிறேன் ஐயா, உறுப்பினர்தானே. கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் பெயரை அடித்தேன். "முழு அகல எழுத்தில் உள்ளிடவும்." முழு அகல ஆங்கில எழுத்து என்று ஒரு வகை இருக்கிறது, சாதாரண எழுத்தையே பக்கவாட்டில் உப்ப வைத்தது போல் இருக்கும். அதை எங்கிருந்தோ தேடி நகலெடுத்து ஒட்டினேன். இப்போது "கத்தக்கானாவில் உள்ளிடவும்" என்றது. வெளிநாட்டுப் பெயர்களை எழுத ஜப்பானியர்கள் வைத்திருக்கும் எழுத்துவகை அது. பெயரைக் கத்தக்கானா எழுத்துக்கு மாற்றித் தரும் ஒரு பக்கத்தைப் பிடித்து, என் பெயரைப் போலவே ஒலிக்காத ஏதோ ஒன்றை வாங்கி வந்து ஒட்டினேன். மறுபடியும் "முழு அகல எழுத்தில்". கத்தக்கானாவிலும் அரை அகலம், முழு அகலம் என்று இரண்டு உண்டாம். அந்தப் பக்கம் கொடுத்தது அரை. முழு அகலக் கத்தக்கானாவைக் கண்டுபிடித்து ஒட்டிய பிறகும் சிவப்பு முக்கோணம் அசையவில்லை. பெயரின் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்ததுதான் குற்றம். அந்த இடைவெளி அரை அகலமாம். வெற்றிடத்துக்கும் அகலம் உண்டு, அதுவும் முழுதாக இருக்க வேண்டும் என்று எனக்கு உபதேசம் செய்தது ஞானி இல்லை, டிக்கெட் விற்கும் தளம்.

பெயர் போயிற்று. முகவரி வந்தது. தங்கப்போகும் விடுதியின் முகவரியைக் கொடுத்தேன். கதவு எண் முழு அகல எண்களில் இருக்க வேண்டும் என்றார்கள்; மாற்றினேன். அந்தச் சூட்டோடு தொலைபேசி எண்ணையும் முழு அகலத்தில் கொடுத்தேன். "அரை அகல எண்களில் உள்ளிடவும்."

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இல்லாமல் இல்லை. சீன வழி எழுத்துகளான காஞ்சிக்கு ஜப்பான் 1978இல் ஒரு கணினித் தரக்குறியீடு வகுத்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரு பைட்டில் அடக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட்டு ஒதுக்கினார்கள். அந்தக் காலத்துத் திரைகளில் இரண்டு பைட்டு எழுத்து ஒரு பைட்டு எழுத்தைப் போல இருமடங்கு அகலம் பிடித்தது. நினைவகம் பொன்னுக்குச் சமமாக இருந்த நாளில் அது நியாயமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. இன்றைக்கு அரை அகலத்தை முழு அகலமாக மாற்றும் வேலையை ஒரு பயிற்சி நிரலாளர் தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவார். நான் அடித்தது தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த கணினிக்கு, எது சரி என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், மனிதனே வந்து மாற்றட்டும் என்று காத்திருக்கிறது. 1964இல் உலகின் முதல் அதிவேக ரயில் பாதையைத் திறந்து, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு நான்கு மணி நேரத்தில் மக்களைக் கொண்டுபோய் இறக்கிய நாட்டில்தான் இந்தக் கூத்து நடக்கிறது.

நான் தொலைபேசி எண்ணை மெலிய வைத்துக்கொண்டிருந்தபோது கடிகாரம் ஓடி முடிந்தது. "நேரம் கடந்துவிட்டதால் உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது, முதலிலிருந்து தொடங்கவும்." தொடங்கினேன். ஈ போயிருந்தது, டி போயிருந்தது, சி போயிருந்தது. ஆளுக்கொரு பெட்டியில் மூன்று நடு இருக்கைகள் மிஞ்சியிருந்தன. பக்கத்து அறையிலிருந்து அம்மா, "ஜன்னல் சீட்டு கிடைச்சுதாப்பா?" என்று கேட்டார். "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதில் பொய் இல்லை.

கிடைத்ததை எடுத்தேன். பணம் கட்டும் பக்கம் வந்ததும் என் வங்கிக்குத் திடீரென்று என் மீது அக்கறை பிறந்துவிட்டது. ஓடிபி வந்தது, அடித்தேன், வட்டம் சுழன்றது, "பரிவர்த்தனை தோல்வி" என்றது. மறுபடி முயன்றால், வெளிநாட்டிலிருந்து சந்தேகத்துக்குரிய முயற்சிகள் நடப்பதாகவும் என் நன்மைக்காகவே அட்டையை முடக்கியிருப்பதாகவும் குறுஞ்செய்தி வருகிறது. அட்டைக்காரன் நான்தான், முயல்வதும் நான்தான் என்று ஓர் ஊழியரிடம் சொல்வதற்குள், தொலைபேசியில் காத்திருப்பு இசையைக் கேட்டே மாலைப் பொழுது கழிந்தது. அவர் என் தாயாரின் பிறந்த தேதி வரை விசாரித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அட்டையைத் திறந்துவிட்டார். ஓடிவந்து தளத்தைத் திறந்தால், ஜப்பான் நேரப்படி இரவு பதினொன்றரை ஆகிவிட்டதாகவும் சேவை இனி அதிகாலையில்தான் தொடங்கும் என்றும் அறிவிப்பு இருந்தது. இணையதளத்துக்கு இரவு உறக்கம்! கடையில் ஆள் இருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார், நியாயம். இந்தக் கணினி எங்கே போகிறது? கடைசி ரயிலைப் பிடிக்கவா?

விடியற்காலையில் அட்டையை மறுபடி திறக்கச் சொல்லி, மறுபடி இசை கேட்டு, ஒருவழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது. இந்த அழகில், இருக்கைக் கட்டணம் கூட்டமில்லாத நாளில் 200 யென் குறையும், கூட்ட நாளில் 200 கூடும், உச்ச நாளில் 400 கூடும் என்று ஒரு விளக்கப் பட்டியலையும் வழியில் காட்டினார்கள். அத்தனை நுணுக்கமாகக் காசு எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஓர் இடைவெளியை அகலப்படுத்தத் தெரியவில்லை. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்தது. அதன் அடியில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பயணத்துக்கு முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில், பணம் செலுத்திய அதே கடன் அட்டையைச் செருகிக் காகிதச் சீட்டுகளைப் பெற்றுக்கொள்ளவும்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து ஓர் உறை வந்தது. என் பாதுகாப்பை முன்னிட்டுப் பழைய அட்டையை நிரந்தரமாக ரத்து செய்துவிட்டார்களாம். புதிய எண்ணோடு புதிய அட்டை உள்ளே இருக்கிறதாம். பழையதை உடனே கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்த வேண்டுமாம்.

அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, டிக்கெட் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைத்தான் முதலில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வைத்தேன். செத்துப்போன அந்த அட்டை இப்போது என் கடவுச்சீட்டுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. செத்த அட்டையை அந்த இயந்திரம் ஏற்குமா என்று கேட்டு, தளத்தின் உதவி மையத்துக்கு ஒரு கேள்வி அனுப்பப் பார்த்தேன். கேள்வியை முழு அகல எழுத்தில் உள்ளிட வேண்டுமாம்.