ஸ்கூட்டர் லிபி தண்டிக்கப்பட்டது எதற்காக?

அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் ரகசிய அதிகாரி வலெரி பிளேமின் பெயரைக் கசியவிட்ட குற்றத்துக்காகவே அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் உதவியாளர் ஸ்கூட்டர் லிபி தண்டிக்கப்பட்டார் என்று சொல்லப்படுவதுண்டு. பலரும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்; ஆனால் அது சரியல்ல.

2005 அக்டோபரில் அவர்மீது பதிவான குற்றச்சாட்டுகள் ஐந்து: நீதிக்குத் தடை செய்தது ஒன்று, புலனாய்வாளர்களிடம் பொய் சொன்னது இரண்டு, சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சாட்சி சொன்னது இரண்டு. 2007 மார்ச்சில் நடுவர் குழு அவற்றில் நான்கில் அவரைக் குற்றவாளி என்றது. ரகசியத்தை வெளியிட்டதாக ஒரு குற்றச்சாட்டுகூட அதில் இல்லை. பிளேமின் பெயரைப் பத்திரிகையில் வெளியிட்ட பத்தி எழுத்தாளர் ராபர்ட் நோவக்கிடம் முதலில் அந்தத் தகவலைச் சொன்னது தானே என்று வெளியுறவுத் துறைத் துணை அமைச்சராக இருந்த ரிச்சர்ட் ஆர்மிடேஜ் 2006இல் ஒப்புக்கொண்டார். லிபியும் செய்தியாளர்களிடம் பிளேமைப் பற்றிப் பேசினார் என்பது விசாரணையில் வெளிவந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. தீர்ப்பு அதற்கானதல்ல என்பதே என் திருத்தம்.

சரிபார்ப்பது எளிது. அந்தக் குற்றப்பத்திரிகை இணையத்தில் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு குற்றச்சாட்டின் தலைப்பையும், எந்தச் சட்டப் பிரிவு என்பதையும் மட்டும் படித்தால் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகாது.