பூசைப் புத்தகத்தில் ஒரு பெயர்

போன மாதம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், தானா உயிரை மாய்ச்சிக்கிட்டவங்க நரகத்துக்கா போவாங்க?"

அன்றைய பாடம் பத்துக் கட்டளை. நான் 14 வருசமாக இந்த வகுப்பு எடுக்கிறேன், பதில் வாயிலேயே இருந்தது. "அது சாவான பாவம் மகன். உயிரைத் தந்தது ஆண்டவர், எடுக்கிற உரிமை நமக்கில்லை." சொல்லிவிட்டு ஐந்தாம் கட்டளையை விட்டு ஆறாம் கட்டளைக்குப் போய்விட்டேன். (ஆறாம் கட்டளை என்றால் பின்வாங்கு பையன்கள் விழித்துக்கொள்வார்கள், அது வேறு கதை.)

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவன் போகவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில், செருப்பு நுனியால் சீமெந்துத் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 15 வயதுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு இப்படியொரு கேள்வியைப் பாடத்துக்காகக் கேட்பதில்லை.

முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மாலு பணிஸ், ஒரு பிளேன்ரீ. பணிஸ் பாதி முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்னான். அவன் கதை அவனுடையது, இங்கே எழுதமாட்டேன். பயம் அவனைப் பற்றியதல்ல, அவன் வீட்டில் ஒருவரைப் பற்றியது என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒருவர் இன்றைக்கு நம்மோடு இருக்கிறார், மருந்தும் எடுக்கிறார். அன்றைக்கு நாங்கள் செய்தது 1926க்குக் கோல் எடுத்ததுதான். அது இலங்கையில் மனநலத்துக்கான தேசிய இலக்கம், காசு இல்லை. தெரியாதவர்கள் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தும் என் பதில் என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தப் பதிலை நான் முதலில் கேட்டது மறைக்கல்விப் புத்தகத்தில் அல்ல, என் அம்மம்மா வீட்டில்.

அம்மாவின் தம்பி 1973இல் இறந்தார். 22 வயது. நான் அப்போது அம்மாவின் வயிற்றில். எப்படி இறந்தார் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. கடைசி நாலைந்து மாதம் மாமா இரவில் தூங்கவே இல்லை, முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார் என்று அம்மா சொல்வார். டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "செபம் பண்ணு, சரியாகும்" என்றார்கள். மாமா இறந்த பிறகு, அடக்கப் பூசை கேட்டுத் தாத்தா பங்குமனை வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றாராம். கோயில் மணி அடிக்கவில்லை. சுவாமி வரவில்லை. பெட்டியைக் கோயிலுக்கு முன்னால் கொண்டு போனபோது கதவு சாத்தியிருந்தது. மயானத்தில் கத்தோலிக்கர் பகுதிக்கு அப்பால், மதில் ஓரத்தில் ஒரு குழி. சுவாமி சொல்ல வேண்டிய இடத்தில் அம்மம்மா நின்று "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நிற்க, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். எந்தக் கோயில், எந்தச் சுவாமி என்று கேட்காதீர்கள். அவர் தன் கையில் இருந்த புத்தகத்தின்படி நடந்தார்.

அந்தப் புத்தகத்தைப் பிறகு தேடி வாசித்தேன். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1240ஆம் பிரிவு. கோயில் அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில், வேண்டுமென்றே தன் உயிரை எடுத்தவரும் இருக்கிறார். "வேண்டுமென்றே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து மாதம் தூங்காத ஒருவன் எதை வேண்டுமென்று செய்வான்? அந்த ஒரு சொல்லுக்குள் மாமாவை மட்டுமில்லை, எங்கள் குடும்பத்தையே கொண்டுபோய் உள்ளே வைக்க இடம் இருந்தது. இரக்கமுள்ள சுவாமிமார் அந்த இடத்தைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்க்கவில்லை.

சரியாகப் பத்து வருசம் கழித்து, 1983இல், புதிய சட்டத் தொகுப்பு வந்தது. 1184ஆம் பிரிவில் அந்தப் பட்டியல் திரும்ப எழுதப்பட்டபோது தன்னுயிரை மாய்த்தவர்கள் அதில் இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கடுமையான மன நோவும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும், இவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழி அவரிடம் உண்டு, திருச்சபை இவர்களுக்காகச் செபிக்கிறது. 2282, 2283ஆம் எண்கள். 14 வருசம் வகுப்பெடுத்த நான் அந்தப் பையனுக்குச் சொன்னது 1973இன் பதிலை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டம் மாறியதை யாரும் வந்து அம்மம்மாவிடம் சொல்லவுமில்லை. அவர் அதைத் தெரியாமலே கண்ணை மூடினார்.

நாம் "தாழ்ச்சி" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு குரல் மாற்றம்தான். தலையைச் சாய்த்து, மெதுவாகப் பேசி, முடிவில் ஏற்கெனவே வைத்திருந்த பதிலையே கொடுப்பது. எனக்கு இப்போது தாழ்ச்சி என்றால் ஞாபகம். இதே நிச்சயத்தோடு, இதே வேத வசனங்களோடு, இதே அன்பான முகத்தோடு நாம் பிழை விட்டிருக்கிறோம் என்ற ஞாபகம்.

இன்னொன்றையும் பாருங்கள். 1995இல் இலங்கையில் 100,000 பேருக்கு 47 பேர் தம் உயிரை எடுத்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. இன்று அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே. குறைத்தது நம் பிரசங்கமா? விவசாயப் பூச்சிகொல்லிகளில் மிகக் கொடிய வகைகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பரகுவாட் உட்பட இன்னும் மூன்றை 2008 முதல் 2011க்குள்ளும் அரசு தடைசெய்தது. 1995 முதல் 2015 வரையான இருபது வருசத்தில் மட்டும் சுமார் 93,000 உயிர்கள் மிஞ்சின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சலும் குறையவில்லை. வேதனை முற்றிய அந்த ஒரு கணத்தில் கொடிய நஞ்சு கைக்கெட்டாவிட்டால் பல பேர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிறகு வாழ்கிறார்கள். அதே 1998இல்தான் உயிர்மாய்ப்பு முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீங்கியது. அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்கும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. கோப்புகளோடு மல்லுக்கட்டிய அந்த அதிகாரிகளையும் மருத்துவர்களையும் எந்தக் கோயிலிலும் விசுவாசிகள் மன்றாட்டில் நினைத்து நான் கேட்டதில்லை. நம் பத்திரிகைகளோ இன்றும் "தவறான முடிவெடுத்து" என்றே எழுதுகின்றன. முடிவெடுக்கிற நிலையில் அவர்கள் இருந்தார்கள் என்று யார் சொன்னது?

வேதாகமம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நானும் தேடினேன். முதலாம் சாமுவேல் நூலின் கடைசி அதிகாரம். தோற்றுப்போன சவுல் அரசன் தன் வாள்மேல் தானே விழுந்து சாகிறான். எதிரிகள் அவன் உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிடுகிறார்கள். யாபேசு கிலயாது ஊர் ஆண்கள் இரவு முழுக்க நடந்துபோய் உடலை இறக்கி, கொண்டுவந்து எரித்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருக்கிறார்கள். பிறகு தாவீது ஆள் அனுப்பி அவர்களை வாழ்த்துகிறான். சவுல் செய்தது சரியா பிழையா என்று அந்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. இரவு முழுக்க நடந்தார்கள் என்பதுதான் இருக்கிறது. எங்கள் கோயிலுக்கும் பங்குமனைக்கும் இடையில் 30 யார் தூரம் இருக்குமா?

எலியாவையும் எடுங்கள். சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார், இறைவாக்கினர். வானதூதர் வந்து கட்டளை எதையும் விளக்கவில்லை. "எழுந்து சாப்பிடு" என்கிறார். தணலில் சுட்ட அப்பம், தண்ணீர். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். தூதர் இரண்டாம் முறையும் வந்து அதையே சொல்கிறார்.

மண் மறுக்கப்படுவது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த நான் 2020 டிசம்பரில் என்ன செய்தேன் தெரியுமா? கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்த காலம். பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பில் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் பல சமயத்து ஆட்களும் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். நான் பஸ்ஸில் அந்த வழியால் போனேன். கைப்பையில் வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. இறங்கவில்லை. ஒப்பீசுக்கு நேரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்களுக்கென்ன, 1963இலிருந்து கத்தோலிக்கருக்குத் தகனமும் அனுமதிதானே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. 2021 பெப்ரவரியில் அந்தத் தடை நீங்கி, மார்ச்சில் உடல்கள் புதைப்பதற்காக கிழக்கில் உள்ள ஓட்டமாவடிக்குப் போகத் தொடங்கின. 2024இல் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. என் கைக்குட்டை கைப்பையிலேயே இருந்தது.

இனி வருவதை எழுதக் கை வரவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு, கோயில்களில் குண்டு வெடித்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைக் கோயில். அன்று அங்கே போயிருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், அதற்குமேல் வேண்டாம். அதே வருசம் ஆகஸ்டில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடிக்க வைத்தவனின் உடற்பாகங்களைக் கள்ளியங்காடு மயானத்தில் புதைத்தார்கள் என்று மக்கள் தெருவுக்கு இறங்கினார்கள். செய்தியைப் பார்த்து "தோண்டி எடுங்க" என்று நானும் டீவியிடம் சொன்னேன். அவனுக்கும் மாமாவுக்கும் ஒப்பீடே இல்லை. ஒருவன் பிள்ளைகளைக் கொன்றவன், மற்றவர் நோயாளி. ஆனாலும், யாருக்கு மண் உண்டு யாருக்கு இல்லை என்று நான் அந்தச் சோபாவில் இருந்து தீர்ப்புச் சொன்னபோது என் குரல் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் பொய்.

ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பற்றியும் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவை. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியாயிற்று. என் பக்கம் எது என்று கேட்பவர்களுக்கு: ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பதற்காக மறியலில் போடும் சட்டம் வேண்டாம், இதில் எனக்குத் தடுமாற்றமில்லை. திருமணம் என்ற அருளடையாளம் பற்றிய கேள்வியில் தடுமாற்றம் உண்டு, வாசித்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் வசனம் போடுகிற அண்ணன்மாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழுவில் 140 பேர். அதில் ஒரு தாய், ஒரு பிள்ளை, வாசித்துவிட்டுப் போனை மெதுவாகக் கவிழ்த்து வைக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

கேள்வி கேட்டால் என்னாகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் கொழும்பிலேயே கதை இருக்கிறது. இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய சுவாமியை, அவர் எழுதிய புத்தகத்துக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். ஒரு வருசத்தில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். 2013இல் சுவாமியாகவே இறந்தார். அவர் எழுதியதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதில் பாதி புரியவே இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் முதல் வேலையாக, "போன கிழமை நான் சொன்ன பதில் பிழை" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. மிஸ்மார் அப்படிச் சொல்வதை அவர்கள் கேட்டதில்லை போல. எலியாவின் கதையை வாசித்தோம். அந்தப் பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அவனுடைய பக்கம் சரியாகத்தான் திறந்திருந்தது.

அம்மாவிடம் வருவோம். அவருக்கு இப்போது 79. ஒவ்வொரு வருசமும் மாமாவின் நாளில் பூசைக்குக் காசு கட்டுவார். யாருக்காகப் பூசை என்று குறிக்கும் கருத்துப் புத்தகத்தில் எழுதுவது எப்போதும் ஒரே வரி: "ஒரு ஆத்துமாவுக்காக." பெயர் எழுதினால் வாசிக்கமாட்டார்களோ என்ற பயம். 50 வருசத்துக்கு மேல் அந்த ஒரே வரி. இந்த முறை கோயில் ஒப்பீசுக்கு நான் போனேன். புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் பேனையைத் தந்தார்கள். மாமாவின் முழுப் பெயரையும் எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

காலை ஆறரைப் பூசை. முப்பது பேர் இருப்பார்கள். இளம் ஃபாதர், நன்றாகத் தமிழ் படிக்கிறவர், புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். அம்மா முழந்தாளில் இருந்தார். நிமிரவில்லை. செபமாலை மட்டும் கையில் நின்றது.

வெளியே வந்து, குடையை விரித்து, ஓட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே சொன்னார்: "இனிசியலைப் பிழையா வாசிச்சிட்டாரு. உன் எழுத்து விளங்கியிருக்காது. அடுத்த வருசம் நானே போய் எழுதிக் குடுக்கிறேன்."