யூஎஸ்டிஏ கடனுக்கு வயல் வேண்டாம், முகவரி வேண்டும்

சனிக்கிழமை நம்ம இல்லினாய்ஸ் ப்ளூமிங்டன் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியும். அந்தத் தம்பி தெளிவாகத்தான் கேட்டார். பக்கத்து ஊர் லெராயில் ஒரு வீடு, விலை 220,000 டாலர், கிரீன் கார்டு இருக்கிறது, முன்பணம் சேரவில்லை, யூஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) வீட்டுக் கடன் கிடைக்குமா? வந்த பதில்கள்: "அது விவசாயிங்களுக்கு." "அது ஏழைங்களுக்கு." "நமக்கெல்லாம் தரமாட்டாங்க." கொஞ்ச நேரத்தில் அவர் "சரிண்ணா, விட்டுடறேன்" என்று போட்டுவிட்டார். தெரியாத ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்லி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப எப்படி மனசு வருகிறது?

இது விவசாயக் கடன் இல்லை. நடத்துவது வேளாண் துறை, அவ்வளவுதான். 1949 வீட்டுவசதிச் சட்டத்தின் 502ஆம் பிரிவில் வருவது. உண்மையில் வருமானம் தரும் பண்ணையை இந்தக் கடனில் வாங்கவே முடியாது, நீங்களே குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். முதலில் பார்ப்பது இரண்டு: வீட்டு முகவரி, குடும்ப வருமானம்.

வீடு யூஎஸ்டிஏ ஊரகப் பகுதி என்று கணக்கிடும் இடத்தில் இருக்க வேண்டும், அதைப் பார்க்க அவர்கள் தளத்தில் வரைபடம் இருக்கிறது. தட்டினால் தெரிந்துவிடும். நம்ம மெக்லீன் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) ப்ளூமிங்டனும் நார்மலும் பெரிய ஊர்கள், அவை வராது. லெராய், ஹேவொர்த், லெக்ஸிங்டன், செனோவா எல்லாம் சில ஆயிரம் பேர் வாழும் ஊர்கள். நகர எல்லையை ஒட்டிய தெருக்களில் மட்டும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், கதவு எண்ணோடு போட்டுப் பாருங்கள்.

வருமானத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். 2025இல் நாட்டின் அடிப்படை வரம்பு நாலு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 119,850 டாலர், 5 முதல் 8 பேருக்கு 158,250. சில கவுண்டிகளில் இதைவிடக் கூடுதல். இதை ஏழைகளுக்கானது என்று யார் சொன்னது? அதுவும் மொத்தச் சம்பளத்தை அப்படியே வைத்துப் பார்ப்பதில்லை. இருவரும் சேர்ந்து 128,000 சம்பாதிக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள், டேகேருக்கு வருஷம் 14,000 போகிறது என்று வையுங்கள். பிள்ளைக்கு 480 வீதம் 960 கழியும், வேலைக்குப் போவதற்காகக் கட்டும் டேகேர் செலவும் கழியும். மிச்சம் 113,040. வரம்புக்குள் வந்தாச்சு. ஆனால் கடனில் கையெழுத்துப் போடாவிட்டாலும் வீட்டில் இருக்கும் வயதுவந்தவர்கள் எல்லாருடைய வருமானமும் கணக்கில் சேரும். முழுநேரம் படிக்கும் 18 வயது தாண்டிய பிள்ளையின் சம்பளத்தில் மட்டும் முதல் 480 டாலரைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

அந்த லெராய் வீட்டுக்கு முன்பணம் பூஜ்யம். தொடக்கக் கட்டணம் 1%, அதாவது 2,200, அதையும் கடனிலேயே சேர்க்கலாம். ஆண்டுக் கட்டணம் 0.35%, மாதம் சுமார் 65 டாலர். இதே வீட்டுக்கு எஃப்ஹெச்ஏ (அரசு காப்பீடு தரும் இன்னொரு வகை வீட்டுக் கடன்) போனால் 3.5% முன்பணமே 7,700. அதன் மேல் 1.75% தொடக்கக் கட்டணம், ஆண்டுக்கு வழக்கமாக 0.55%, அது மாதம் சுமார் 97 டாலர்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஹேவொர்த்தில் எஃப்ஹெச்ஏ போட்டுத்தான் வாங்கியது. யூஎஸ்டிஏவுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கடன் கொடுத்தவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. முன்பணத்துக்காக அந்த அம்மா நகையை விற்றார். இதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கவிடாமல் பண்ணுவது நம்ம ஆட்களின் "நமக்குக் கிடைக்காது"தான்.

"எச்-1பி வேலை விசாக்காரர்களுக்குக் கிடையாதே" என்று பாய்வீர்கள். கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதித் தகுதி பெற்றவர்கள் போன்றோருக்குத்தான். 2025 மே 25 முதல் எஃப்ஹெச்ஏவும் எச்-1பிக்கு மூடிவிட்டது. அது வலிதான். அதற்காகக் கிரீன் கார்டு உள்ளவரையும் ஏன் தடுக்க வேண்டும்?

"வரிப்பணத்தில் சலுகையா" என்று ஒருவர் கேட்டிருந்தார். பணம் தருவது வங்கி, அரசு தருவது உத்தரவாதம், அதற்குத்தான் அந்த 1 சதவீதமும் 0.35 சதவீதமும். கையில் 20% முன்பணம் வைத்துக்கொண்டு சாதாரணக் கடன் வாங்கக்கூடியவருக்கு இதைத் தரமாட்டார்கள். போதுமா? "அவ்வளவு தூரம் யார் போவது" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. லெராயிலிருந்து ஐ-74இல் ஏறினால் இருபது நிமிஷம்.

சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. கிரெடிட் ஸ்கோர் 640க்குக் கீழே இருந்தால் கோப்பை ஆள் உட்கார்ந்து பார்ப்பார், பேப்பர் கூடும். வீட்டுச் செலவு வருமானத்தில் 29%, எல்லாக் கடனும் சேர்ந்து 41% என்பதுதான் பொது அளவு. கல்விக் கடனை இப்போது கட்டவில்லை என்றாலும் பாக்கியில் 0.5 சதவீதத்தை மாதத் தவணையாக எழுதுவார்கள், பலருக்கு அங்கேதான் 41 தாண்டுகிறது. 1978க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்ட் உரிந்திருந்தால் சரிசெய்யச் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் பரிசோதனை வேண்டும். வங்கி சரி என்ற பிறகும் கோப்பு யூஎஸ்டிஏ அலுவலகம் போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். 2025 அக்டோபரில் அரசு முடங்கியபோது புதிய ஒப்புதல் நின்றே போனது. அதனால் ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

தம்பி, இதைப் படித்தால் அபார்ட்மெண்ட் லீஸைப் புதுப்பிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அந்த லெராய் முகவரியை வரைபடத்தில் போடுங்கள். யூஎஸ்டிஏ கடன் தருகிறவரா என்று முதல் போனிலேயே கேளுங்கள், எல்லா வங்கியும் செய்வதில்லை. டேகேர் ரசீதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.