2520: ராமானுஜன் 'கண்டுபிடித்த' அதிசய எண்ணா?

வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி இது: "1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் ஒரே எண் 2520. கண்டுபிடித்தவர் ராமானுஜன். வாரத்தின் 7 நாள், மாதத்தின் 30 நாள், 12 மாதம், மூன்றையும் பெருக்கினால் வருவதும் இதுதான்!"

வகுபடுவது உண்மை. 'ஒரே எண்' என்பது தவறு. 5040, 7560 என 2520-இன் மடங்குகள் எல்லாமே அப்படித்தான் வகுபடும். 2520 அவற்றில் சிறியது, அவ்வளவே. பள்ளியில் போட்ட மீ.சி.ம. கணக்குதான்: 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கினால் 2520. இதற்கு ராமானுஜன் வர வேண்டியதில்லை. 11-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1 வந்துவிடும். நாள்காட்டிப் பெருக்கலும் சும்மா தற்செயல். எல்லா மாதத்துக்கும் 30 நாளா என்ன?

சரி, ராமானுஜனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஃபார்வர்டில் சொல்வதைவிடச் சுவையான தொடர்பு. தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 48 காரணிகள் கொண்ட 2520 அந்த வகை எண். அவருடைய பட்டியல் 67,46,32,83,88,800 வரை போகிறது. அதற்குக் காரணிகள் 10,080! கணினி இல்லாத காலத்தில் போட்ட கணக்கு. அந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வரும் 2,93,31,86,25,600-உம் (காரணிகள் 5040) அதே வகைதான். பட்டியலில் அது மட்டும் விடுபட்டுப் போயிருந்தது.