அந்த 566 ரூபாய் 40 பைசா

சனிக்கிழமை மதுரை ரிங் ரோட்டுல நடக்க இருந்த கச்சேரி கடைசி நேரத்துல ரத்தான கதை உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லல. நாலு நாளா நடத்துனவங்களைத் திட்டுறீங்க, பாடகரைத் திட்டுறீங்க, மழையைக்கூடத் திட்டியாச்சு. டிக்கெட் வித்த கம்பெனியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது.

நாலு டிக்கெட் போட்டேன். ஒண்ணு 1,500, நாலுக்கு 6,000. இடம் பாத்து, பேரு போட்டு, மெயில் ஐடி கொடுத்து, பணம் கட்டப்போற கடைசிப் பக்கத்துல வந்து நிக்குது, ஆன்லைன்ல வாங்குறதுக்குன்னு தனியாப் போடுற வசதிக் கட்டணம் 480. அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 86 ரூபாய் 40 பைசா. கச்சேரி ரத்தானதும் திரும்பி வந்தது சரியா 6,000. மீதி 566 ரூபாய் 40 பைசா கிடையாதாம். வசதிக் கட்டணம் திருப்பித் தரமாட்டாங்களாம்.

சரி, எந்த வசதி? சனிக்கிழமை 1 மணிக்குத் தங்கச்சிமடத்துல இருந்து கிளம்புனோம். நான், வீட்டம்மா, மகள், தங்கச்சி மகன். பாம்பன் பாலம் தாண்டும்போதே மகள் பவர் பேங்க்கை மடியில எடுத்து வச்சுக்கிட்டா. வீடியோ பிடிக்க இடம் வேணும்னு போன்ல இருந்த பழைய போட்டோவெல்லாம் முந்தின நாளே அழிச்சிருந்தா. மானாமதுரையில டீ குடிக்க நிறுத்துனப்ப தங்கச்சி மகனுக்கு அவன் கூட்டாளிகிட்ட இருந்து வாட்ஸ்அப்: "ஷோ கேன்சல்டா மாப்ள, ரெண்டு மணிக்கே இன்ஸ்டாவுல போட்டுட்டாங்க." கம்பெனி நமக்கு ஒண்ணும் அனுப்பலையே, வதந்தியா இருக்கும்னு சொன்னது நான்தான். ரிங் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம் 5.10க்கு வருது கம்பெனி மெசேஜ்.

என் நம்பர் அவங்ககிட்ட இருக்கு, மெயில் இருக்கு. மூணு மணி நேரம் முன்னாடி ஒரு வரி அனுப்பியிருந்தா பரமக்குடியிலேயே திரும்பியிருப்போம். ஆனா அன்னைக்கு ராத்திரியே, அடுத்த மாசம் வேற ஒரு நிகழ்ச்சிக்கு முந்துங்கன்னு விளம்பரம் மட்டும் வந்துருச்சு. மெசேஜ் அனுப்பத் தெரியாதவங்க இல்ல.

சாட்ல போய்க் கேட்டேன். "நாங்கள் இடைத்தளம் மட்டுமே, நிகழ்ச்சி நடத்துபவரை அணுகவும்." மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் அதே வரி. காசு வாங்குறப்ப கடைக்காரன், கேள்வி கேட்டா வழிப்போக்கனா? பொறுப்பு இல்லைன்னா கட்டணம் எதுக்கு? கட்டணம் உண்டுன்னா பொறுப்பு எங்க? நான் கேக்குறது இது ஒண்ணுதான்.

எங்க மாமா ஒருத்தர் உச்சிப்புளிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் கிழிக்கிற வேலை பாத்தாரு. நான் அப்ப எட்டாவது படிச்சேன். கரண்டு போயி ஜெனரேட்டரும் கைவிட்டா, வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையில இருக்கிற பாதி டிக்கெட்டையும் வாங்கி, பின்னாடி பென்சில்ல கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பாரு. நாளைக்கு அதைக் காட்டுனா உள்ள விடணும். ஒருநாள் கருவாடு விக்கிற ஒரு அம்மா, "நாளைக்கு என்னால நடந்து வர முடியாதுப்பா"ன்னுச்சு. மாமா கவுண்டர்ல கையை விட்டு முழுக் காசையும் எடுத்துக் கொடுத்தாரு. மேனேஜர் சண்டைக்கு வந்தப்ப, "டிக்கெட் கொடுத்தது என் கை, அந்தம்மா என் மூஞ்சியைத்தான் பாக்கும்"னாரு. டிக்கெட் விக்கிறதுன்னா நான் பாத்து வளந்தது அதுதான்.

ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு புலம்பலான்னு கேப்பீங்க. ஆமா, புலம்புறேன். என்கிட்ட 566. அன்னைக்கு டிக்கெட் வாங்குன ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே மாதிரி. நடக்காத கச்சேரிக்கு நடத்துனவருக்கு நட்டம், எனக்கு நட்டம், லாபம் பாத்தது ஒரே ஆளு.

சர்வர் செலவு, பேமென்ட் கேட்வே செலவு இருக்குன்னு ஐடியில இருக்கிற தம்பிங்க வருவீங்க. நியாயம். நான் ஆன்லைனுக்கு எதிரி இல்ல. நம்ம பையங்க சேது எக்ஸ்பிரஸ் ஏறிப்போய்ச் சேப்பாக்கத்துல கிரிக்கெட் டிக்கெட்டுக்கு ராத்திரி முழுக்க கியூவுல நின்ன காலம் எனக்கும் தெரியும், அந்தக் கஷ்டம் போனது நல்லதுதான். ஆனா செலவு இருக்குன்னா அதை முதல் பக்கத்துலயே டிக்கெட் விலையோட சேத்துச் சொல்லணும். அமெரிக்காவுல 2025 மே மாசத்துல இருந்து, இந்த மாதிரி நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு முழு விலையையும் ஆரம்பத்துலயே காட்டணும்னு விதி. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர்ல மத்திய அரசு 13 வகை ஏமாத்து வேலையைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. விலையை முழுசாச் சொல்லாம போகப்போக ஏத்துறதும் அந்தப் பட்டியல்ல இருக்கு. இருந்தும் எனக்கு 480 கடைசிப் பக்கத்துலதான் தெரிஞ்சுது.

பிடிக்கலைன்னா வேற இடத்துல வாங்குங்கன்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லவே எனக்கு இஷ்டம் இல்ல. வேற இடம் எது? ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் விக்கிற உரிமையை ஒரே கம்பெனி மொத்தமா எழுதி வாங்கிக்கும். அதுக்காக நடத்துறவங்களுக்கு முன்பணம் கொடுக்கிறதும், வசதிக் கட்டணத்துல பங்கு கொடுக்கிறதும் இந்தத் தொழில்ல புதுசு இல்ல. அமெரிக்காவுல 2010லயே டிக்கெட் விக்கிற டிக்கெட்மாஸ்டரும், கச்சேரி நடத்துற லைவ் நேஷனும் ஒண்ணாயிட்டாங்க, அதைப் பிரிக்கணும்னு 2024ல அரசே வழக்குப் போட்டுச்சு. இங்க அதே வருசம் பேடிஎம்மோட டிக்கெட் வியாபாரத்தை ஜொமேட்டோ 2,048 கோடிக்கு வாங்குச்சு. நான் வாங்குனது எந்தக் கம்பெனின்னு இங்க சொல்லப் போறதில்ல, பேரை வச்சுச் சண்டை திசைமாறிடும். ஆனா இவ்வளவு கோடி புரள்ற தொழிலுக்கு, சும்மா நடுவுல நிக்கிறேன்னு சொல்ல எப்படி வாய் வருது?

2023 செப்டம்பர்ல சென்னை ஈசிஆர்ல ரஹ்மான் கச்சேரிக்குக் கையில டிக்கெட்டோட போனவங்களே உள்ள நுழைய முடியாம திரும்புனாங்களே. டிக்கெட் நகலை அனுப்புங்கன்னு ரஹ்மானே முன்வந்தாரு. பாடுறவரு பொறுப்பு எடுக்கிறாரு. இவங்க?

இன்னொண்ணும் சொல்லணும், இது கம்பெனி விசயம் மட்டும் இல்ல. ராம்நாட்டுல பெரிய கச்சேரி எது வந்துச்சு? ஐபிஎல் எது வந்துச்சு? எல்லாத்துக்கும் மதுரை, இல்ல சென்னை. கார் வாடகை, டீசல், சாப்பாடுன்னு டிக்கெட்டுக்கு மேல செலவழிச்சுப் போறது நாங்கதான், தகவல் கடைசியா வர்றதும் எங்களுக்குத்தான். மதுரைக்காரன் வீட்டுக்குள்ள இருந்து "அடச்சே"ன்னுட்டு டிவி போட்டிருப்பான். நாங்க ராத்திரி 160 கிலோமீட்டர் திரும்பி வந்தோம். மகள் ஒரு வார்த்தை பேசல. மண்டபம் வந்தப்புறம், "அடுத்த தடவை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லாதீங்கப்பா"ன்னா. அவ என்மேலதான் கோபமா இருக்கா. வதந்தின்னு சொன்னது நானில்லையா.

நேத்து 1915க்கு, அந்த நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சிருக்கேன். உங்க யார்கிட்டயாவது வசதிக் கட்டணத்தைத் திருப்பித் தராம வச்சுக்கிட்டிருந்தா, கடைசிப் பக்கத்து ஸ்க்ரீன்ஷாட்டும் மெசேஜ் வந்த நேரமும் எடுத்து வையுங்க, எப்படிப் பதியுறதுன்னு நான் சொல்றேன். ரிங் ரோட்டு ஓரத்துல பையைத் தலைக்கு வச்சுப் படுத்திருந்த தொண்டித் தம்பிங்க அஞ்சு பேரு, மூணு பஸ் மாறி வந்தோம்னு சொன்னீங்க. உங்க நம்பரை வாங்காம வந்துட்டேன். இதைப் பாத்தா இன்பாக்ஸ்ல வாங்கப்பா.